காய்ந்த வள்ளம்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. கண்மாய் உண்டு. அது நிறைந்த வருடங்களைப் பெரியவர்கள் கல்யாண வருடங்களைப் போல ஞாபகம் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீசல் இஞ்சின் வைத்த ஒரு பழைய வள்ளத்தை விலைக்குப் பார்க்கப் புறப்பட்டோம். அப்பா, மாமா, அத்தை, நான். சுனாமி வந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. அத்தை வேம்பார்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர். சாத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்த இடத்தில் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டார். வள்ளம் அத்தையின் அண்ணனுடையது. அவர் புதிதாக ஃபைபர் படகு வாங்கிவிட்டதால், மர வள்ளம் மாதக்கணக்கில் மணலில் கிடந்தது. அதை வாங்கிக்கொண்டு மாமா வேலையை விட்டுவிட்டுக் கடற்கரைக்கே குடிபோக வேண்டும் என்பது அத்தையின் திட்டம். மாமா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யார் எது சொன்னாலும் ஒரு பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். முந்தின சீசனில் அவருடைய கம்பெனியில் ஒரு அறை வெடித்ததிலிருந்து வலது காது மந்தம். அவர் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம் அது. அறைக்குள் இருந்தவர்கள் திரும்பவில்லை. மாமாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று ஊரே சொன்னது. நானும் பள்ளிக்கூடத்தில் பெருமையாக அப்படித்தான் சொன்னேன்.

அம்மாவுக்கு வள்ளம் பிடிக்கவில்லை. சுனாமியின்போது தொலைக்காட்சியில் பார்த்த தண்ணீர் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. வெடி என்றால் ஒருத்தரை ஒரு அறையோடு கொண்டுபோகும், கடல் தெருவோடு கொண்டுபோகும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் தம்பியின் பெண்டாட்டியிடம் நேராகச் சொன்னால் சண்டை வரும். அதனால் பொறுப்பை அப்பாவிடம் விட்டார்.

அப்பா வேறொரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எதையும் சோதிக்காமல் வாங்க மாட்டார். எங்கள் பழைய மொபெட்டை வாங்குவதற்கு முன் விற்றவரின் வீட்டுக்குப் பல தடவை போய்வந்ததில், அந்த வீட்டுக்காரர் கடைசியில் சாப்பாடே போட்டுவிட்டார். அன்று காலை அப்பா சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"போய்ப் பாத்துட்டு ஏதாச்சும் ஒரு குத்தம் சொல்லிட்டு வாங்க."

"இருந்தாச் சொல்றேன்."

"இல்லாட்டியும் சொல்லுங்க. என் சமையல்ல தினம் ஒண்ணு கண்டுபிடிக்கீகள்ல, அது மாதிரி."

அம்மா என்னை ஏன் கூட அனுப்பினார் என்றால், பிள்ளை கூட இருந்தால் அப்பா கடலுக்குள் போகமாட்டார், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார் என்பதற்காக. இதையும் கேட்டேன். ஆகவே பஸ் ஏறும்போதே எனக்கு முடிவு தெரியும். அப்பா குற்றம் சொல்வார், வள்ளம் வேண்டாம் என்று ஆகும், வீட்டுக்கு வருவோம். அன்று நடந்த எதுவும் எனக்கு விளங்காமல் போனதற்கு முதல் காரணம் இப்படி முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்ததுதான்.

எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டியும் வெளியே சீமைக்கருவேலம்தான். கடலுக்குப் பக்கத்தில் நிலம் பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கடைசிவரை எங்கள் ஊர் மாதிரியே வந்து, திடீரென்று ஒரு இடத்தில் தண்ணீர் ஆகிவிட்டது.

அத்தை அங்கே வேறு ஆளாக மாறினார். எங்கள் வீட்டில் அடுப்படி மூலையில் நின்று மெல்லப் பேசுகிறவர், பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் வேகமாக நடந்தபடி, வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்களை ஏலே என்று அதட்டிப் பேசினார். அவருடைய அண்ணன் எதிரே வந்தார். நெஞ்சு வெயிலில் கறுத்து, உதட்டில் பீடியோடு இருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. வா மாப்ள. பாப்பா நீச்சல் தெரியுமா?"

தெரியாது என்றேன். "உங்க மாமனுக்கும் தெரியாது. சேந்து படிங்க" என்றார்.

வள்ளம் பனந்தடிகளின் மேல் ஏறி நின்றது. நீலப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. நான் நினைத்ததைவிடப் பெரியது. அப்பா அதை நெருங்கியதும் முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். சட்டைப் பையிலிருந்த சாவி, சில்லறை எல்லாவற்றையும் எடுத்து என் கையில் கொடுத்தார். "பீடிய அணைச்சிருங்க" என்று அத்தையின் அண்ணனிடம் சொன்னார். பின்னால் போய், தண்ணீரைத் தள்ளும் பித்தளை விசிறியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துச் சற்று நேரம் நின்றார். மாமாவும் பின்னாலேயே போய் அதே போலக் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையின் வாசலில் ஒரு செப்புத் தகடு இருக்கும். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக, உள்ளே போகிற யாரும் அதில் கை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். செருப்பு கூடாது, இரும்பு கூடாது. இரண்டு பேருக்கும் அது பழக்கம். எதிலே நுழைந்தாலும் கை தானாகப் போய்விடும். இதெல்லாம் தெரியாத அத்தையின் அண்ணன், அப்பாவின் கைவைப்பைப் பார்த்து லேசாக மிரண்டார். "அண்ணாச்சி கை வச்சே பாக்காக" என்று பக்கத்தில் நின்றவரிடம் முணுமுணுத்தார். கரையில் இருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு வந்து கூடிவிட்டார்கள்.

பிறகு அப்பா வள்ளத்தைச் சோதித்தார். பலகை பலகையாக விரல் கணுவால் தட்டி, காதை ஒட்டிவைத்துக் கேட்டார். கயிற்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அடிப்பலகையில் ஒட்டியிருந்த தூசியைச் சிட்டிகையாக எடுத்து விரலிடுக்கில் தேய்த்து, உதிர்கிறதா, ஒட்டுகிறதா என்று பார்த்தார். சரக்கில் ஈரம் இருந்தால் வெடி நமுத்துப்போகும். ஈரம் கண்டுபிடிப்பதுதான் அப்பாவின் உத்தியோகமே. வீட்டில் உப்பு ஜாடியைக்கூட அப்படித்தான் மோந்து பார்ப்பார்.

நான் குற்றத்துக்காகக் காத்திருந்தேன். அப்பா நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"எம்புட்டுக் காஞ்சிருக்கு! மாப்ள, இங்கன வந்து தட்டிப் பாரு. கணீர்ங்குது. எங்க ஸ்டோர்ல இப்பிடி ஒரு பலகை கெடையாது."

மாமாவும் தட்டிப் பார்த்து, இடது காதால் கேட்டு, "ஆமா மச்சான், அருமையாக் காஞ்சிருக்கு" என்றார்.

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா சொன்னதை அப்பா மறந்துவிட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுபடி குனிந்து தேடி, பின்பக்கத்தில், மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்த ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"ஒரே ஒரு குத்தம். இங்கன மட்டும் ஈரம் இருக்கு."

கரை முழுவதும் சிரித்தது. அத்தையின் அண்ணன் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார்.

"அண்ணாச்சி, வள்ளத்துல நல்லா இருக்க ஒரே எடம் அதுதான். அங்கன ஒளுகாது. மத்த எடத்தைத் தண்ணியில எறக்கிப் பாப்பமா?"

அத்தை மட்டும் "நம்ம ஆளுகளச் சிரிச்சா எனக்குக் கோவம் வரும்ணே" என்றார். அண்ணன் வாயை மூடிக்கொண்டார். எங்களை நம்ம ஆட்கள் என்று அத்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வள்ளத்தைப் பனந்தடிகளின் மேல் உருட்டித் தண்ணீரில் இறக்கினார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கே நின்றவர்களின் தொடை அளவு ஆழம். அப்பா முதலில் ஏறி, என்னையும் தூக்கி உள்ளே வைத்தார். மாமா ஏறினார். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரிலேயே நின்று வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பலகைகளுக்கு நடுவே கோடு கோடாகக் கறுத்தது. பிறகு அந்தக் கோடுகள் வியர்த்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லா இடுக்கிலும் தண்ணீர் ஊறி, ஒன்றோடொன்று சேர்ந்து, என் கால்விரல்களை மூடியது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மச்சான், கடல் உள்ள வருது" என்றார் மாமா. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேனை எடுத்துத் தண்ணீரை வெளியே இறைக்கத் தொடங்கினார். இறைத்த அளவு மறுபடி வந்தது. அதற்கும் சிரித்தார்.

"வெயில்ல கெடந்த மரம். பலகை சுருங்கிக் கெடக்கு" என்றார் அத்தையின் அண்ணன். "ரெண்டு நாள் தண்ணியில கெடந்தா மரம் குடிச்சு ஊதி, இடுக்கெல்லாம் தானா அடைஞ்சிரும். இடுக்குல அடைச்ச பஞ்சை மாத்த வேண்டிய எடத்துல மாத்திக் குடுத்துருதேன்."

அப்பா அவர் முகத்தையே பார்த்தார். ஒழுகுகிற ஒன்று தானாக அடைந்துவிடும் என்பதை எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கும் இது ஏமாற்று என்றுதான் பட்டது. தங்கச்சி புருஷன் தலையில் ஓட்டை வள்ளத்தைக் கட்டப் பார்க்கிறார். ஆனால் குற்றம் கிடைத்துவிட்டது. கணுக்கால் அளவு குற்றம். இனி அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தையின் அண்ணன், "இஞ்சினைக் கேட்டுட்டுப் பேசுங்க அண்ணாச்சி. மரம் எப்பிடியும் ஆயிரும், இஞ்சின்தான் உசுரு" என்று சொல்லிவிட்டு உள்ளே குதித்தார். இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். அது இருமியது. மறுபடி சுற்றினார், மறுபடி இருமியது. இஞ்சினின் சைலன்சர் துருப்பிடித்து உதிர்ந்துபோய், புகைக்குழாய் மொட்டையாக நின்றிருந்தது. மூன்றாவது தடவை முழுப் பலத்தோடு சுற்றினார்.

டொம் என்று ஒரு சத்தம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சத்தங்களில் வித்தியாசம் தெரியும். வெடி சளீர் என்று இருக்கும், காதோடு போகும். இது அப்படி இல்லை. அடிவயிற்றில் கேட்டது. கறுப்புப் புகை ஒரு உருண்டையாக எழும்பியது. எனக்கு எதுவும் தெரியவில்லை. என் முகம் அப்பாவின் வயிற்றில் புதைந்திருந்தது, அவருடைய கை என் பின்மண்டையை அழுத்திக்கொண்டிருந்தது, மூச்சு முட்டியது. அவர் என்மேல் கவிழ்ந்து குந்தியிருந்தார். நான் திமிறித் தலையை வெளியே எடுத்தபோது இஞ்சின் டப டப என்று சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. மாமாவைக் காணவில்லை.

மாமா வள்ளத்தின் அடியில் தேங்கிய தண்ணீருக்குள் குப்புறக் கிடந்தார். இரண்டு கைகளும் காதைப் பொத்தியிருந்தன. மூக்கும் வாயும் தண்ணீரில் இருந்தன.

"ஏலே, பட்டாசுக்காரர் விழுந்துட்டாருலே!" என்று கரையில் ஒருவர் கத்தினார். "வெடி செய்யிறவுகளுக்கே பயமா?" என்றார் இன்னொருவர். சிரிப்பு அலையலையாக வந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. தீபாவளிக்குச் சரவெடியைக் கையில் பிடித்துப் பற்றவைத்துத் தூக்கி எறிகிறவர் மாமா. அவர் ஒரு இஞ்சினுக்குப் பயந்து விழுவார் என்பதை நம்ப முடியவில்லை. விளையாடுகிறார் என்றே நினைத்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து, மாமாவின் தோளைப் பிடித்துப் புரட்டி உட்காரவைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, திரும்பாமல், அப்பாவிடம் மெல்லச் சொன்னார்.

"பாத்துட்டீகள்லண்ணே. வீட்லயும் இப்பிடித்தான். குக்கர் வச்சா வாசலுக்குப் போயிருவாக. நான் சொன்னா யார் நம்புனீக?"

எனக்கு அதிலும் ஒன்றும் புரியவில்லை. மாமா வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது அவர் வாசலில் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். காற்றுக்காக நிற்கிறார் என்று நினைத்திருந்தேன். அதற்கும் வள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்?

அப்பா அத்தையின் அண்ணனிடம் திரும்பினார். "இஞ்சினை நிறுத்தி இன்னொரு தடவை எடுங்க" என்றார். மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். அத்தையின் அண்ணன் நிறுத்திவிட்டு மறுபடி சுற்றினார். இந்தத் தடவை சத்தம் குறைவு. அப்பா இஞ்சினைப் பார்க்கவே இல்லை, மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விழவில்லை.

"சைலன்சர் போட்டா சத்தம் கொறையுமா?" என்று கேட்டார் அப்பா.

"பாதி கொறையும் அண்ணாச்சி."

"அப்ப அத மட்டும் புதுசா மாட்டிக் குடுத்துருங்க. எடுத்துக்கிடுதோம்."

அவ்வளவுதான். ஒழுகலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கணுக்காலுக்கு மேலே தண்ணீர் நின்றது. நான் அப்பாவையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தேன். அத்தையின் அண்ணனே திகைத்துப்போனார். பேரம் பேச வந்தவர் இப்படி முடிப்பார் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ, பஞ்சும் பெயின்ட்டும் தன் செலவு என்று தானாகவே சத்தியம் செய்தார். எங்களுக்கு மீன் குழம்போடு சோறு போட்டார்கள். மாமா ஈரச் சட்டையோடு நிறையச் சாப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டேன். "தண்ணி வந்துச்சேப்பா?"

"மரம் குடிக்குமாம்" என்றார். அவர் நம்பிச் சொன்ன மாதிரி இல்லை.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார். "என்ன குத்தம் சொன்னீக?"

"சத்தம் ஜாஸ்தி. அதச் சொன்னேன்."

"அப்புறம்?"

"எடுத்துக்கிடுதோம்னேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் சும்மா இருக்காமல், வள்ளத்துக்குள் என் கால் முங்கும் அளவு தண்ணீர் வந்ததைச் சொன்னேன். அம்மா உட்கார்ந்துவிட்டார். "தீயில இருந்து எடுத்துத் தண்ணியில போட்டுட்டு வந்திருக்கீகளே. நீங்க மனுசந்தானா?" அப்பா என்னைத் தெருவில் போய் விளையாடச் சொல்லிவிட்டு, அம்மாவை அடுப்படிக்குக் கூட்டிப்போனார். நான் ஜன்னலுக்கு வந்து ஒட்டுக்கேட்டேன். அப்பாவின் குரல் தாழ்வாக ஓடியது. வார்த்தை பிடிபடவில்லை. குக்கர் என்று ஒரு தடவை அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மாமாவும் அத்தையும் ஊரைவிட்டுப் போவதற்கு முன் எங்கள் வீட்டில் ஒருநாள் சாப்பிட வந்தார்கள். கறி எடுத்திருந்தோம். அம்மா அன்று குக்கரைத் தொடவே இல்லை. அதைப் பரணில் ஏற்றிவிட்டு, சோற்றையும் கறியையும் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தார். கறி வேக மத்தியானம் தாண்டிவிட்டது, சோறு குழைந்துபோனது. எனக்குப் பசி. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். வழக்கமாகக் குற்றம் சொல்லும் அப்பா இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமா கடைசிவரை உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார், வாசலுக்குப் போகவில்லை.

மறுவருடம் லீவுக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வள்ளம் ஒழுகவில்லை. அத்தையின் அண்ணன் சொன்னது உண்மைதான் போலிருக்கிறது. மரம் குடித்து அடைந்திருந்தது. மாமா கறுத்திருந்தார். இஞ்சினைச் சுற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் "வருது, வருது" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் சுற்றினார். பக்கத்து வள்ளக்காரர்கள் அதைச் சொல்லிக் காட்டிக் கேலி செய்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். வள்ளம் எடுக்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எண்ணி, நான் ஊருக்கு வந்து என் கூட்டாளிகளிடம் அதை நடித்துக் காட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் இவ்வளவையும் பிற்பாடு ஒன்றோடொன்று சேர்த்துப் புரிந்துகொண்டேன். ஒன்று மட்டும் ரொம்ப நாள் தனியாகவே கிடந்தது. அந்த டொம் கேட்டபோது மாமா விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அப்பா என்னை வாரிக்கொண்டு குந்தியதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பிள்ளை கடலில் விழாமல் பிடித்துக்கொண்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அங்கே கடல் அப்பாவின் தொடை அளவுதான். நான் நின்றதோ வள்ளத்தின் நட்டநடுவில். என் மண்டையை அழுத்திய அந்தக் கை, இஞ்சின் சாதாரணமாக ஓடத் தொடங்கிய பிறகும் எடுபடவில்லை, நான்தான் திமிறி வெளியே வந்தேன்.

வள்ளம் பார்த்துவிட்டு வந்த மறுநாள், திங்கட்கிழமை. அப்பா காலையில் எழுந்து, செருப்பில் ஒட்டியிருந்த கடல் மணலைக் குழாயடியில் கழுவினார். சாவியையும் சில்லறையையும் என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா டிபன் டப்பாவைக் கொடுத்துவிட்டு, பட்டாசுக் கம்பெனிக்குப் புறப்பட்ட அவர் தெரு முனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார். தினம் நிற்பவர்தான். அன்று ஏன் அதற்குப் பிறகும் உள்ளே வராமல் நின்றார் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, தலை பின்னிவிடு என்று கத்திக்கொண்டிருந்தேன்.